பிசகையும் சேர்த்து அச்சிட்ட சர்வேயர்: செங்கல்பட்டில் தொடங்கிய லாம்டனின் கணக்கு

ஜிஎஸ்டி சாலையில் மதுராந்தகம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் கருங்குழி என்ற பெயர்ப் பலகையைக் கவனிக்காமலேயே கடந்திருப்பார்கள். 200 வருஷத்துக்கு முன்பு பூமியின் வடிவத்தை ஆராய்ந்த ஐரோப்பியர்களுக்கு அது தெரிந்த பெயர். அவர்கள் அதை ‘கரங்கூலி’ என்று எழுதினார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்த ஊர், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய அளவைப் பணியின் முதல் நிலையங்களில் ஒன்று. அந்தப் பணிதான் பின்னாளில் ‘மாபெரும் முக்கோண அளவை’ என்று பெயர் பெற்று, இமயமலைச் சிகரங்களின் உயரம் வரைக்கும் போனது.

லாம்டனைப் பற்றிப் பேசும்போது துல்லியத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் அவர் எழுதிய கட்டுரைகளைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படும். எங்கே எவ்வளவு பிசகியது என்பதை அவர் ஒளிக்கவில்லை, அட்டவணை போட்டு அச்சிட்டார். அவருடைய கடைசி அறிவியல் கட்டுரை ஒரு திருத்தப் பட்டியல். திருத்தப்பட்டது வேறு யாருடைய கணக்கும் இல்லை, அவருடையதேதான்.

ஒற்றைக் கண் சிப்பாய்

லாம்டன் பிறந்தது 1750களில், இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில். வசதியில்லாத குடும்பம், கணக்கில் கெட்டிக்காரப் பையன். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கப் போருக்குப் போனார். பிறகு கனடாப் பக்கம் நியூ பிரன்ஸ்விக்கில் பல வருஷம் படைவீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதவி உயர்வும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. கிடைத்த நேரத்தில் கணிதமும் நிலஅளவையும் தானாகவே படித்தார். அங்கே இருந்தபோது சரியான கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மீதி வாழ்நாள் முழுக்கத் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கப் போகிற மனிதருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

1790களின் பிற்பகுதியில் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் கர்னல், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி. 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஓர் இரவு, பெயர்டு என்ற தளபதியின் படை இருட்டில் திசை தவறி திப்புவின் முகாமை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் லாம்டன். தளபதி முதலில் நம்பவில்லை. காந்த ஊசியை எடுத்துப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். சென்னையில் தொடங்கி, தீபகற்பத்தின் குறுக்காக மேற்குக் கரை வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போவது. வரைபடம் கிடைக்கும், கூடவே பூமியின் வடிவத்தைப் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைக்கும். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் இதைக் கிண்டல் செய்ததாக ஒரு கதை உண்டு: ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று. ஆனாலும் வெல்லெஸ்லியின் ஆதரவும் மெட்ராஸ் கவர்னரின் சம்மதமும் கிடைத்தன. கிழக்கிந்திய கம்பெனிக்கு வேண்டியது புதிதாகப் பிடித்த நிலத்தின் கணக்கு. லாம்டனுக்கு வேண்டியது பூமியின் கணக்கு. இரண்டும் ஒரே சங்கிலியில் அளக்கப்பட்டன.

ஏப்ரல் வெயிலில் 400 சங்கிலி

முக்கோண அளவையின் தந்திரம் எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரம். இப்படியே நூற்றுக்கணக்கான மைல் போகலாம். தரையில் நேரடியாக அளக்க வேண்டியது முதல் பக்கம் மட்டும்தான். அதற்கு ‘ஆதாரக் கோடு’ என்று பெயர். அதில் தப்பு வந்தால் பின்னால் வருகிற எல்லா முக்கோணத்துக்கும் அந்தத் தப்பு சொத்து மாதிரி கைமாறும்.

லாம்டனின் முதல் ஆதாரக் கோடு பரங்கிமலை எனப்படும் புனித தோமையார் மலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை. இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று அபார்ட்மென்ட்கள் நெருக்குகிற பக்கம், அன்று வெறும் சமவெளி. 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கி மே 22 அன்று அளந்து முடித்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில்தான். நீளம் சுமார் 40,006 அடி, அதாவது 12 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள். இந்தச் சங்கிலிக்கே ஒரு பழைய வரலாறு உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் ஒன்றாக இருந்து, அங்கே எடுபடாமல், கல்கத்தாவில் ஒருவரிடம் வந்து சேர்ந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது.

எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஃபாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி கூடினால் 100 அடி சங்கிலி ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீளும். ஒன்றுமில்லாத அளவு மாதிரி தெரிகிறது. ஆனால் 400 தடவை போட்டு எடுக்கும்போது, ஒரே ஒரு டிகிரியைத் தப்பாகக் கணித்தாலும் கடைசியில் சுமார் 3 அங்குலம் வந்து நிற்கும். அதனால் சங்கிலியைத் தரையில் போடாமல், முக்காலிகள் மேல் வைத்த மரப்பெட்டிகளுக்குள் நீட்டிப் போட்டு, பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கணக்கால் மாற்றினார்கள். மாற்றியதையும் மாற்றிய விதத்தையும் சேர்த்தே லாம்டன் எழுதினார்.

கருங்குழியும் கரையோரமும்

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சுமார் அரை டன் எடை, 36 அங்குல வட்டம். அது வந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாக மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தார்கள் என்று சர்வே வரலாறுகள் சொல்கின்றன.

அது கைக்கு வந்த பிறகு வேலை வேகம் பிடித்தது. சென்னைக்கு வடக்கிலிருந்து, மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரச் சமவெளியைத் தழுவிக்கொண்டு, கடலூர் அருகே திருவந்திபுரம் வரை முக்கோணங்கள் நீண்டன. இது வடக்கு–தெற்கு அளவு. கருங்குழியிலிருந்து மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் உள்ள கர்நாடகாகர் வரை கிழக்கு–மேற்கு அளவு. இரவில் ஒரு முனையில் நீல ஒளி ஏற்றுவார்கள், மறுமுனையிலிருந்து அதைத் தேடிப் பிடித்துக் கோணம் எடுப்பார்கள். இடையில் சுமார் 55 மைல்.

இதெல்லாம் எதற்கு? பூமி சரியான உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை என்று நியூட்டன் சொல்லியிருந்தார். எவ்வளவு தட்டை என்று தெரிய, பூமியின் வெவ்வேறு இடங்களில் அட்சரேகை ஒரு டிகிரிக்கு எத்தனை மைல் என்று அளக்க வேண்டும். பெரு, லாப்லாந்து, பிரான்ஸ் எல்லாம் அளந்தாச்சு. இந்தியா மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நாட்டின் அளவு ரொம்பத் தேவைப்பட்டது. செங்கல்பட்டுக் கரையோரத்தில் லாம்டனுக்குக் கிடைத்த விடை ஒரு டிகிரிக்குச் சுமார் 110.6 கி.மீ. இன்றைய கணக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது. இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. ஒன்றரை டிகிரி நீளம் மட்டுமே உள்ள சின்ன வில்லில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதும் நடக்கும், ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றுவதும் நடக்கும்.

இந்த முடிவுகள் கல்கத்தாவின் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழில் வந்தன. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியாக அளந்தால், கூட்டுத்தொகை பூமியின் வளைவுக்கு ஏற்ப 180 டிகிரியைவிடத் துளி கூடுதலாக வர வேண்டும். நடைமுறையில் அப்படிக் கச்சிதமாக வராது. லாம்டன் அளந்த கோணம், வர வேண்டிய கூடுதல், உண்மையில் எத்தனை விகலை பிசகியது, கணக்குக்காக எப்படிச் சரிக்கட்டினார் என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். சரிக்கட்டிய எண்ணை மட்டும் போட்டிருந்தால் கட்டுரை அழகாக இருந்திருக்கும். படிக்கிறவர் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க முடியாது.

1804இல் பெங்களூரு அருகே இரண்டாவது ஆதாரக் கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கு சொன்ன நீளத்துக்கும், தரையில் சங்கிலி போட்டு அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்குள். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளத்தான் இந்த இரண்டாவது கோடு. மங்களூர் பக்கம் போய்ச் சேர்ந்தபோது தெரிந்தது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தைச் சுமார் 40 மைல் அகலமாகக் காட்டியிருந்தன என்று. கம்பெனி தனக்கிருப்பதாக நினைத்திருந்த நிலத்தில் 40 மைல் அகலம் காகிதத்தோடு போயிற்று.

இந்தத் திறந்த கணக்கில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. பெட்டி தூக்கியவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். விகலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட விடாமல் குறித்த தாள்களில் அவர்கள் பெயருக்கு இடம் இருக்கவில்லை.

தஞ்சையில் விழுந்த கருவி

சமவெளியில் குன்று கிடைக்காத இடத்தில் கோபுரங்கள்தான் கைகொடுத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்த வட்டமே நெளிந்துபோயிற்று. கோணத்தை நம்பி நடக்கும் ஒரு பணிக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

இங்கிலாந்திலிருந்து புதுக் கருவி வர வருஷக்கணக்கில் ஆகும். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போனார். முக்கியக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒரு பெரிய பலகையில் வட்டம் எப்படி இருக்க வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டி, நெளிந்த உலோக வட்டத்தை ஆப்பு, திருகு, கப்பி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதற்குப் பொருத்தினார். ஆறு வாரம் ஆச்சு. கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்கு வந்தது. இந்தக் ‘கிட்டத்தட்ட’ முக்கியம். அதே கருவியை வைத்துத்தான் அவர் மீதிக் காலம் முழுக்க வேலை செய்தார்.

கூடாரத்துக் கதையை நமக்கு விரிவாக எழுதி வைத்தவர் லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்டனின் கட்டுரைகளில் எண்கள் பேசும், மனிதர் பேசமாட்டார். அந்த ஆறு வாரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று தேடினால் கிடைக்காது.

இன்னொரு சிக்கல் நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது. அட்சரேகையை அளக்க நட்சத்திரம் தலைக்கு மேலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘நேர் மேலே’ எது என்று காட்டுவது தூக்குக்குண்டு, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே சமாசாரம். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் லேசாக இழுக்கும். 1774இல் ஸ்காட்லாந்தின் ஒரு மலையில் இதைச் சோதித்துக் காட்டியிருந்தார்கள். லாம்டனின் தெற்கு இந்திய வில்லில் ஒரு டிகிரியின் நீளம் எதிர்பார்த்தபடி சீராக வரவில்லை. பெங்களூரு அருகே தொட்டகுண்ட நிலையத்தில்தான் கோளாறு. அங்கே கண்ணுக்கு மலை எதுவும் இல்லை. தரைக்கு அடியில் அடர்த்தியான தாதுப் பாறை ஏதோ குண்டை இழுக்கிறது என்று சந்தேகப்பட்டார். பொருந்தாத அந்த அளவை ஓசைப்படாமல் தூக்கிப் போட்டுவிடவில்லை. பொருந்தவில்லை என்று சொல்லி, தன் ஊகத்தையும் சேர்த்து எழுதினார்.

பழைய உதவியாளர் கண்டுபிடித்த பிழை

கன்னியாகுமரிப் பக்கம் 8 டிகிரி 9 கலையிலிருந்து நிஜாம் ராஜ்யத்தில் 18 டிகிரி 3 கலை வரை, கிட்டத்தட்ட பத்து டிகிரி நீள வில். அதன் முடிவுகள் 1818இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. அதற்குச் சற்று முன்புதான் அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஆகியிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

லாம்டனிடம் 1800களின் தொடக்கத்தில் ஹென்றி கேட்டர் என்ற இளம் அதிகாரி உதவியாளராக இருந்தார். உடம்பு கெட்டு 1808இல் இங்கிலாந்து திரும்பினார். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் லேபில் பரிச்சயம். கேட்டர் ஊசல் இவர் உருவாக்கியதுதான். அவர் பிறகு எடுத்துக்கொண்ட வேலை, பிரிட்டனில் புழங்கிய ‘கஜம்’ எல்லாம் ஒரே கஜம்தானா என்று பார்ப்பது. அன்று ஒவ்வொரு கருவி செய்கிறவரும் ஒரு பித்தளை அளவுகோலை ஆதாரமாக வைத்திருந்தார். கேட்டர் அவற்றை நுண்ணோக்கிகளால் ஒப்பிட்டு 1821இல் முடிவுகளை வெளியிட்டார். எதுவும் எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. லாம்டனின் பணிக்கு ஆதாரமான அளவுகோலும் அந்த ஒப்பீட்டில் இருந்தது. அதுவும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அளவுகோலிலிருந்து மயிரிழை விலகியிருந்தது.

ஒரு கஜத்தில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் குமரியிலிருந்து தக்காணம் வரை ஆயிரம் கி.மீ.க்கு மேல் பெருக்கிப் பார்த்தால் மீட்டர் கணக்கில் வரும். பரங்கிமலையில் 1802இல் போட்ட முதல் சங்கிலியிலிருந்தே எல்லா நீளமும் தப்பு என்று இதற்கு அர்த்தம். லாம்டனின் கவனக்குறைவு எதுவும் இதில் இல்லை. அவர் வாங்கிய கோல் அப்படி. யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கப்போவதும் இல்லை.

லாம்டன் உட்கார்ந்து முழு வில்லையும் திருத்தினார். நாடாளுமன்ற அளவுகோலுக்கு ஏற்ப மாபெரும் நடுவரை வில்லில் செய்ய வேண்டிய திருத்தங்கள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, எண்களைப் புதிதாகக் கொடுத்தார். கேட்டர் தன்னிடம் வேலை கற்ற பையன் என்ற எண்ணம் எங்கும் குறுக்கே வரவில்லை. அந்தக் கட்டுரை ராயல் சொசைட்டி இதழின் 1823ஆம் ஆண்டுத் தொகுதியில் வந்தது. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று, நாக்பூரை நோக்கிப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

எவரெஸ்டின் கத்தி, பிராட்டின் கேள்வி

எவரெஸ்ட் தன் முன்னோடியிடம் மரியாதை வைத்திருந்தாலும் கணக்கில் தயவு காட்டவில்லை. தேய்ந்த கருவிகளையும் பழைய முறைகளையும் வெளிப்படையாகக் குறை சொன்னார். லாம்டனின் தெற்குப் பகுதி பின்னாளில் நல்ல கருவிகளோடு மறுபடி அளக்கப்பட்டது. இவ்வளவு விரிவாகக் குறை சொல்ல முடிந்ததற்கு, லாம்டன் கோணங்களையும் பிசகுகளையும் திறந்து வைத்திருந்ததும் ஒரு காரணம். மூடி வைத்த கணக்கை யாராலும் இப்படிப் பிரித்து மேய முடியாது.

தூக்குக்குண்டு விவகாரம் இன்னும் தூரம் போனது. எவரெஸ்ட் 1847இல் வெளியிட்ட முடிவுகளில், வட இந்தியாவின் கல்யாணா, மத்திய இந்தியாவின் கல்யாண்பூர் ஆகிய இரண்டு நிலையங்களுக்கு இடையே, முக்கோணம் சொன்ன தூரமும் நட்சத்திரம் சொன்ன தூரமும் 5.236 விகலை ஒத்துப்போகவில்லை. தரையில் அது சுமார் 160 மீட்டர். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட், இமயமலை குண்டை இழுப்பதுதான் காரணமோ என்று கணக்குப் போட்டார். விடை இன்னும் குழப்பியது. இமயமலையின் பருமனுக்குக் குண்டு சுமார் 15.9 விகலை சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு.

மலை இருக்கிறது, அதன் இழுப்பு இல்லை. 1855இல் பிராட்டும், பிரிட்டிஷ் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் தேடினார்கள். மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை இருக்கிறது, பூமியின் மேலோடு கீழே உள்ள கனமான பொருளின் மேல் மிதக்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. புவியியல் பாடத்தில் ‘ஐசோஸ்டசி’ என்று வருவது இதுதான். பிராட் அதோடு விடவில்லை. கடல்நீர் பாறையைவிட லேசானது, அப்படியானால் கரையோரத்தில் குண்டு எந்தப் பக்கம் சாயும் என்று 1859இல் தனியாக ஒரு கணக்குப் போட்டார். மாமல்லபுரம் கரையை ஒட்டி லாம்டன் அளந்த முதல் வில்லுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அவர் அட்டவணைகள் அப்போது அச்சாகி ஐம்பது வருஷம் ஆகியிருந்தன.